நீருக்கடியில் மூச்சுக் கல்வி

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் தாங்குதல் கூடும். நீரின்றிச் சில நாள்கள் வாழ்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்கள் வாழ்வதும் அரிது. இத்தகைய மூச்சை நமக்கு யாரும் கற்பிப்பதில்லை. பிறந்த குழந்தை அழத் தொடங்கும்போதே மூச்சுவிடவும் தொடங்கிவிடுகின்றது. பின்னர் உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் நாம் எண்ணாமலே அத்தொழில் நடைபெறுகின்றது.

எனினும், மூச்சுவிடுதலையே ஒரு கல்வியாகப் பயில வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது நீரின் அடியாகும். அங்கு ‘ரீபிரீதர்’ என்னும் கருவியைப் பூண்டு மூழ்க விரும்புவோர், முன்னரே நூறு முறை கடலில் மூழ்கியவராயினும், மீண்டும் தொடக்க மாணாக்கராகிப் பயிலுதல் வேண்டும். விட்ட மூச்சையே தூய்மை செய்து மீண்டும் தருவதால், இக்கருவியை நாம் மீள்மூச்சுக் கருவி என்று அழைப்போம். இதன் இயல்பு யாது? இதற்கு இவ்வளவு கடுமையான பயிற்சி எதற்கு? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கருவியின் இயல்பு

நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். நாம் வெளிவிடும் மூச்சில் பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு எஞ்சி நிற்கின்றது. கரியமிலவாயு ஏறத்தாழ 4 பங்கு சேர்கின்றது. ஆகவே, இழுத்த பிராணவாயுவில் நான்கில் ஒரு பகுதியளவே உடல் பயன்படுத்திக்கொள்கின்றது. மற்றதை அப்படியே வெளியேற்றிவிடுகின்றது.

நிலத்தில் இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. காற்று எங்கும் நிறைந்திருக்கின்றது. ஆனால், முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலில் மூழ்குவோருக்கு இது பேரிழப்பாகும். ஸ்கூபா என்னும் வழக்கமான முறையில், விட்ட மூச்சு குமிழிகளாகி நீரில் கலந்து மறைந்துபோகின்றது. அன்றியும், ஆழம் மிகுந்தோறும் அவ்விழப்பும் மிகுகின்றது. கடல்மட்டத்தில் வளியின் அழுத்தம் ஒரு ‘பார்’ அளவினது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு பார் கூடுகின்றது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு பார் ஆகின்றது. மேலே நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றை மூச்சிழுப்பவர், அங்குச் சிலிண்டரிலிருந்து 80 லிட்டர் அளவு காற்றைச் செலவிடுகின்றார். ஆனால், அவர் உடல் உண்மையில் வேண்டுவதோ, மிதமாக நீந்தும்போது, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பிராணவாயுவே. எண்பது குடம் நீர் இறைத்து, ஒரு குடத்தைப் பயிருக்குப் பாய்ச்சி, எஞ்சியதை வீணே ஓடவிடும் உழவனை இது நிகர்க்கும்.

மீள்மூச்சுக் கருவி இவ்விழப்பைத் தவிர்க்கின்றது. மூழ்குநர் விடும் மூச்சு ஒரு குழாயின் வழியே உறிஞ்சுகலம் என்னும் பாத்திரத்துள் செல்கின்றது. அதில் சோடாச் சுண்ணாம்பு மணிமணியாக நிரப்பப்பட்டிருக்கும். அது கரியமிலவாயுவைக் கவர்ந்துகொள்கின்றது. பின்னர் உடல் செலவிட்ட அளவு பிராணவாயு ஒரு சிறு சிலிண்டரிலிருந்து சேர்க்கப்படுகின்றது. இவ்வாறு தூய்மையுற்ற வளி மூச்சுப்பையில் தங்கி, மற்றொரு குழாய் வழியே மீண்டும் வாய்க்கு வருகின்றது. இரண்டாவது சிலிண்டர் ஒன்றில் காற்றோ, ஹீலியம் கலந்த வாயுவோ இருக்கும். இறங்கும்போது நீரின் அழுத்தத்தால் மூச்சுப்பை சுருங்காதவாறு அது நிரப்புகின்றது. இதனைத் துணைவாயு எனலாம். பிராணவாயுவின் அளவைக் காணப் பொதுவாக மூன்று உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை காட்டும் எண்கள் மூழ்குநரின் மணிக்கட்டில் உள்ள சிறு திரையில் தோன்றும்.

இதனால் விளையும் நன்மைகள் பல. சிறிதளவு வாயுவைக்கொண்டு நெடுநேரம் நீருள் தங்கலாம். சோடாச் சுண்ணாம்பு கரியமிலவாயுவைக் கவரும்போது வெப்பமும் ஈரமும் தோன்றுவதால், குளிர்ந்த கடலிலும் மூச்சு இதமாக இருக்கும். குமிழிகள் எழாமையால் மீன்கள் அஞ்சி ஓடுவதில்லை. ஆஸ்திரியா நாட்டு ஹான்ஸ் ஹாஸ் என்பவர் 1942ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டுக் கடலில் இத்தகைய கருவியை அணிந்தே கடல்வாழ் உயிர்களைப் படம்பிடித்தார்.

செவெர்ன் சுரங்கத்தில் ஒரு செயல்

இக்கருவி புதியதன்று. இங்கிலாந்து நாட்டு ஹென்றி ஃபிளூஸ் என்பவர் 1878ஆம் ஆண்டில் பயன்படத்தக்க மீள்மூச்சுக் கருவி ஒன்றை ஆக்கினார். செம்பாலான கலத்தில் பிராணவாயுவை அடைத்து, காரக் கரைசலில் நனைத்த கயிற்றுநாரால் கரியமிலவாயுவை அகற்றும் வகையில் அஃது அமைந்திருந்தது. அதன் பயன் விரைவில் உலகறிய விளங்கிற்று.

அக்காலத்தில் இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் பொருட்டு, செவெர்ன் ஆற்றின் கீழே இருப்புப்பாதைச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டு வந்தது. 1879ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெரியதோர் ஊற்று உடைத்துக்கொண்டு உட்புகுந்து சுரங்கத்தை நிரப்பிற்று. உள்ளே இருந்த இரும்புக் கதவு ஒன்றை அடைத்தால்தான் நீரை இறைத்து வெளியேற்ற முடியும் என்னும் நிலை ஏற்பட்டது. அக்கதவோ, நீர் நிறைந்த இருள்வழியில் 300 மீட்டர் தொலைவில் இருந்தது. அலெக்சாந்தர் லம்பெர்ட் என்னும் மூழ்குநர் முதலில் மேலிருந்து காற்றுத் தரும் நீண்ட குழாயுடன் சென்றார். வேறு மூழ்குநர் துணைநின்று குழாயை இழுத்துக்கொடுத்தும், காற்று நிறைந்த குழாய் மேலெழுந்து சுரங்கக் கூரையைத் தொட்டு நின்றதால் அவரால் கதவை அணுக இயலவில்லை.

பின்னர் ஃபிளூஸ் வரவழைக்கப்பட்டார். தாம் ஆக்கிய கருவியை அணிந்து அவரே உட்சென்றார். கருவியை அவரினும் நன்கு அறிந்தவர் இலர். எனினும் இருளும் இடிபாடும் நிறைந்த அவ்வழி அவர்க்குப் பழக்கமில்லாமையால் திரும்பிவிட்டார். வழியை அறிந்த லம்பெர்ட், 1880ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அக்கருவியை அணிந்து சென்றார். முதல்முறை கதவுக்குத் தடையாயிருந்த தண்டவாளம் ஒன்றைப் பெயர்த்துவிட்டு மீண்டார். மறுமுறை சென்று கதவை அடைத்தார். அங்கிருந்த வால்வு ஒன்றையும் தமக்குச் சொல்லப்பட்டவாறே திருகிவிட்டு வந்தார். பின்னர் நீர் இறைக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சுரங்கம் இன்றும் பயன்பட்டு வருகின்றது.

இவ்வரலாற்றில் ஒரு சிறு செய்தி உண்டு. நீர் வடிந்தபின் ஆராய்ந்தபோது, அந்த வால்வின் திருகு வலப்புரியன்று, இடப்புரி என்பது தெரியவந்தது. அது முன்னரே மூடியிருந்தது. லம்பெர்ட் மூடுவதாக எண்ணித் திருகியதால் அது திறந்துகொண்டது! அவர் அஞ்சா நெஞ்சர். சொன்னதைப் பிழையின்றிச் செய்தவர். ஆயினும், குறிப்பிட்ட அப்பொருளின் அமைப்பை அவர்க்கு யாரும் அறிவித்திலர். வீரம் ஒன்று, கருவியறிவு மற்றொன்று. இரண்டாவது இல்லாதபோது முதலாவது தன் பயனை இழக்கின்றது. மீள்மூச்சுக் கருவிக்குரிய பயிற்சி முழுவதும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே.

எச்சரிக்கை தாராத இடர்கள்

தீச்சுட்டால் கை தானே விலகுகின்றது. முள் தைத்தால் கால் தானே நின்றுவிடுகின்றது. இடர் வருமுன் உடலே நம்மை எச்சரிக்கின்றது. மீள்மூச்சுக் கருவியில் நேரும் இடர்கள் இத்தகையன அல்ல. அவை பெரும்பாலும் சொல்லாமல் வருவன. அவற்றுள் தலைமையானவை மூன்று.

முதலாவது, பிராணவாயு குறைதல். மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கின்றது. இத்தவிப்பு பிராணவாயு குறைந்ததனால் தோன்றுவதாகப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. உடலில் கரியமிலவாயு மிகுவதே அதற்குப் பெரிதும் காரணம். மீள்மூச்சுக் கருவியோ கரியமிலவாயுவை அவ்வப்போது அகற்றிக்கொண்டே இருக்கின்றது. ஆதலின், பிராணவாயுச் சிலிண்டரைத் திறக்க மறந்தவர்க்கு நெஞ்சு தவிப்பதில்லை; மூச்சுத் திணறுவதில்லை. இதமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் நினைவிழந்துவிடுவார்.

பிராணவாயு போதுமா என்பதை அதன் பகுதி அழுத்தத்தால் அளப்பர். கடல்மட்டத்தில் மொத்த அழுத்தம் ஒரு பார். அதில் பிராணவாயுவின் பகுதி 0.21. அதே காற்று 10 மீட்டர் ஆழத்தில் 0.42 ஆகவும், 30 மீட்டர் ஆழத்தில் 0.84 ஆகவும் உயரும். இவ்வளவு 0.16க்குக் கீழே செல்லுதல் தீது, 0.10 அளவை அணுகினால் நினைவு தப்பும். ஆழத்தில் போதியதாக இருந்த வளி, மேலெழும்போது அழுத்தம் குறைவதால் போதாததாகிவிடுதலும் உண்டு.

இரண்டாவது, பிராணவாயு மிகுதல். உயிர் தரும் வாயுவே அளவு மீறினால் நஞ்சாகின்றது. மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயு வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். நிலத்தில் வலிப்புற்றவரைப் பிறர் தாங்கிக் காக்கலாம். நீரில் வலிப்புற்றவர் வாயிலிருந்து மூச்சுக்குழல் நழுவும். அவர் மூழ்கி இறப்பார். ஆகவே, நீந்தும்போது பகுதி அழுத்தம் 1.4 பாரைக் கடத்தலாகாது என்றும், அசைவின்றி ஓய்ந்திருக்கும்போதும் 1.6 பாரைக் கடத்தலாகாது என்றும் வரையறுத்துள்ளனர். தூய பிராணவாயு 6 மீட்டர் ஆழத்திலேயே இவ்விறுதி எல்லையை எட்டிவிடும். இங்கிலாந்துக் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடத்திய ஆராய்ச்சிகளை 1947ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒருவர் ஒருநாள் தாங்கிய அளவைப் பிறிதொரு நாள் தாங்குவதில்லை என்று அவர் கண்டார். ‘நேற்று எனக்கு ஒன்றும் நேரவில்லை’ என்னும் சொல் இங்கு உறுதியாகாது.

மூன்றாவது, கரியமிலவாயு மிகுதல். சோடாச் சுண்ணாம்பு தன் ஆற்றலை இழந்தாலும், இடையே வெற்றிடம் விழுமாறு நெகிழ நிரப்பப்பட்டாலும், உறிஞ்சுகலத்தை வைக்கவே மறந்தாலும் இது நேரும். தலைவலி, மேல்மூச்சு, மனக்குழப்பம் ஆகியன தோன்றும். மற்ற இரண்டையும் நோக்க, இது சிறிது எச்சரிக்கை தருவது போலத் தோன்றலாம். ஆயினும், அவ்வெச்சரிக்கையை நம்புதற்கில்லை. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் இதனைச் சோதித்து, 2015ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். உறிஞ்சுகலத்தின் நிலை இன்னதென்று அறிவிக்காமல், கருவியில் ஐந்து நிமிடம் மூச்சுவிடுமாறு சிலரைப் பணித்தனர். உறிஞ்சுகலமே இல்லாதபோது 20 பேரில் 15 பேர் குறையை உணர்ந்து நிறுத்தினர். 5 பேர் உணரவில்லை. உறிஞ்சுகலம் ஓரளவு பழுதுற்றிருந்தபோதோ, 20 பேரில் இருவர் மட்டுமே உணர்ந்தனர். பதினெண்மர் ஒன்றும் அறியாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தனர்.

இம்மூன்று இடர்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. தன் உணர்வை நம்பியிருப்பவனை இவை வீழ்த்தும். மேலும், இவை முதலில் தாக்குவது கையையோ காலையோ அன்று; இடரை அறிந்து விலக வேண்டிய மூளையையே இவை முதலில் மயக்குகின்றன. காவலனே உறங்கிவிட்டால் களவை யார் அறிவிப்பர்? ஆகவேதான், இடர் வந்தபின் சிந்தித்துச் செயற்படுதல் இங்கு இயலாது. வருமுன் காக்கும் முறைகளைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

பயிலத் தக்கார் யாவர்?

இப்பயிற்சியை உலகெங்கும் பல நிறுவனங்கள் அளிக்கின்றன. விதிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் சிறிது வேறுபடினும், அடிப்படை ஒன்றே. பெரும்பாலும் 18 வயது நிரம்பியவரையே சேர்த்துக்கொள்கின்றனர். உடல்நலத்தை மருத்துவர் ஆராய்ந்து சான்று தருதல் வேண்டும். மாணாக்கர் ஸ்கூபா முறையில் முன்னரே தேர்ந்தவராய் இருத்தல் வேண்டும். பிராணவாயு மிகுத்த கலப்புக் காற்றாகிய நைட்ராக்ஸைக் கையாளவும் தனியே பயின்று சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். ஏனெனில், பகுதி அழுத்தக் கணக்கை அங்குத்தான் முதலில் கற்கின்றனர். குறைந்தது 25 முறை மூழ்கியிருத்தல் வேண்டும் என்பது சிலர் விதி. 30 என்றும் 50 என்றும் வேண்டுவோரும் உளர். அவ்வனுபவத்தைப் பதிவேட்டில் எழுதிக் காட்டுதல் வேண்டும்.

மற்றுமொரு விதி குறிப்பிடத்தக்கது. பயிற்சி பொதுவாக மீள்மூச்சுக் கருவிகள் அனைத்திற்கும் உரியதன்று. இன்ன வகைக் கருவி என்று பெயர் குறித்தே அளிக்கப்படுகின்றது. ஒரு வகையில் தேர்ந்தவர் வேறு வகைக் கருவியை அணிய விரும்பினால், அதற்கெனத் தனியே பயிலுதல் வேண்டும். ஆசிரியரும் அவ்வகைக் கருவியில் தேர்ந்து, கற்பிக்கும் உரிமை பெற்றவராதல் வேண்டும். வால்வு எப்பக்கம் உள்ளது, எத்திசையில் திரும்பும், எச்சரிக்கை விளக்கு எந்நிறத்தில் ஒளிரும் என்பன கருவிதோறும் வேறுபடும். லம்பெர்ட்டின் இடப்புரித் திருகை நினைவிற்கொண்டால் இவ்விதியின் பொருத்தம் இனிது விளங்கும்.

நிலத்தில் கற்பன

பயிற்சி நீரில் தொடங்குவதில்லை, மேசையின்மீது தொடங்குகின்றது. மாணாக்கர் கருவியின் உறுப்புகள் அனைத்தையும் தம் கையாலேயே பிரித்து, மீண்டும் பூட்டுதல் வேண்டும். சோடாச் சுண்ணாம்பை நிரப்பும்போது கலத்தை மெல்லத் தட்டித் தட்டி, மணிகள் செறிந்து படியுமாறு செய்தல் வேண்டும். எத்தனை மணி நேரம் அது பயன்பட்டது என்பதை எழுதிவைத்தல் வேண்டும். ‘இன்னும் சிறிது உழைக்கும்’ என்று மதிப்பிட்டு மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. சிலிண்டரில் உள்ள வாயு இன்னது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பாமல், அளவைக்கருவி கொண்டு தாமே சோதித்தல் வேண்டும். உணர்கருவிகள் நாளடைவில் தேய்வன. ஆகவே, அவை பொருத்தப்பட்ட நாளைக் குறித்துவைத்து, காலம் முடிந்தவுடன் மாற்றுதல் வேண்டும்.

பின்னர்க் கருவியில் ஓட்டை இல்லை என்பதை இருவகையால் காண்பர். வளியை நிரப்பி, அழுத்தம் குறையாமல் நிற்கின்றதா என்று பார்த்தல் ஒன்று. வளியை உறிஞ்சியெடுத்து, வெளிக்காற்று உட்புகாமல் நிற்கின்றதா என்று பார்த்தல் மற்றொன்று. நீர் உட்புகுந்து சோடாச் சுண்ணாம்பில் கலந்தால், அக்காரநீர் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். ஆதலின் இச்சோதனை எளிதாகக் கருதற்குரியதன்று.

இறுதியாக, நீரில் இறங்குமுன் ஓரிடத்தில் அமர்ந்து, மூக்கை அடைத்து, திரையில் தோன்றும் எண்களைப் பார்த்தவாறே ஐந்து நிமிடம் கருவியில் மூச்சுவிடுதல் வேண்டும். ஆக்லாந்துச் சோதனை காட்டியவாறு, உறிஞ்சுகலத்தின் குறையை இது முழுதும் அறிவிக்காது. ஆகவே இதனைச் செய்துவிட்டமையால் முந்திய சோதனைகளுள் ஒன்றையேனும் விட்டுவிடலாகாது. பிராணவாயு முறையாகச் சேர்கின்றதா என்பதைக் காண்பதே இதன் முதற்பயன்.

இவ்வளவையும் மனப்பாடமாகச் செய்தால் போதாதா? போதாது. அச்சிட்ட பட்டியலைக் கையில் வைத்து, ஒருவர் படிக்க மற்றொருவர் செய்து காட்டி, ஒவ்வொன்றாகக் குறியிட்டு வருதல் வேண்டும். 2012ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஓர்லாண்டோ நகரில், மீள்மூச்சுக் கருவி வல்லுநரும் மருத்துவரும் ஆசிரியரும் கூடிய மாநாடு நடைபெற்றது. அங்கு அவர்கள் ஒருமுகமாக வற்புறுத்தியவற்றுள் சரிபார்ப்புப் பட்டியலின் தேவையும் ஒன்று. நன்கு தெரிந்த செயலையே மனிதன் எளிதில் மறக்கின்றான். புதியவன் அஞ்சி அஞ்சிப் பட்டியலைப் பார்க்கின்றான். பழகியவனோ பாராமலே செய்து ஒன்றை விட்டுவிடுகின்றான்.

நீரில் கற்பன

நிலப்பயிற்சி முடிந்தபின், மாணாக்கர் நீச்சற்குளத்திலும், அதன்பின் கடலிலும் இறங்குவர். அங்கு அவர்க்கு முதலில் வியப்பு ஒன்று காத்திருக்கும். ஸ்கூபா முறையில் மூச்சை ஆழ இழுத்தால் உடல் சிறிது மேலெழும். மூச்சை விட்டால் சிறிது தாழும். இதனைக்கொண்டே தேர்ந்த மூழ்குநர் தம் நிலையைச் சீர்செய்துகொள்வர். மீள்மூச்சுக் கருவியில் மூச்சு நுரையீரலுக்கும் மூச்சுப்பைக்கும் இடையே போய்வருவதன்றி, வெளியே செல்வதில்லை. ஆகவே மொத்தப் பருமன் மாறுவதில்லை, உடல் எழுவதும் இல்லை, தாழ்வதும் இல்லை. பல ஆண்டுப் பழக்கம் இங்கே பயனற்றுப் போகின்றது. புதியதைக் கற்பதினும் பழையதை மறப்பது அரிது என்பதை அனுபவம் மிக்கவரே இங்கு நன்கு உணர்கின்றனர்.

வாய்க்குழலை வாயிலிருந்து எடுக்குமுன் அதன் அடைப்பை மூடுதல், திரையை இடைவிடாது நோக்குதல், இறங்கும்போதும் ஏறும்போதும் அளவைத் தனியே கவனித்தல் ஆகியன பழக்கப்படுத்தப்படுகின்றன. மூன்று உணர்கருவிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட எண்களைக் காட்டினால் எதை நம்புவது? பெரும்பான்மையை நம்புதல் போதாது. பழுதுற்ற இரண்டும் ஒன்றுபோலவே பிழைகாட்டுதல் கூடும். அப்போது துணைவாயுவைச் செலுத்தி மூச்சுச்சுற்று முழுவதையும் நிரப்புவர். துணைவாயு வெறுங்காற்றானால், 30 மீட்டர் ஆழத்தில் 0.84 என்னும் அளவு தோன்றுதல் வேண்டும் என்பதை முன்னரே கண்டோம். அவ்வளவைக் காட்டும் உணர்கருவியே மெய் சொல்வது. மனக்கணக்கு இங்கு உயிர்க்காவல் ஆகின்றது.

பயிற்சியின் இன்றியமையாப் பகுதி, கருவியைக் கைவிடக் கற்றலாகும். ஒவ்வொருவரும் பக்கவாட்டில் தனிச் சிலிண்டர் ஒன்றைச் சுமந்து செல்லுதல் வேண்டும். ஐயம் எழுந்தவுடன் அதற்கு மாறி, ஸ்கூபா முறையில் மூச்சுவிட்டு மேலேறுதல் வேண்டும். அதில் எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். அச்சமுற்றவர் நிமிடத்திற்கு 30 லிட்டர் மூச்சிழுப்பதாகக் கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் நிலைகொள்ள மூன்று நிமிடம். அழுத்தம் நான்கு பார். ஆகவே 360 லிட்டர். நிமிடத்திற்கு 10 மீட்டராக மேலேற மூன்று நிமிடம். சராசரி அழுத்தம் இரண்டரை பார். ஆகவே 225 லிட்டர். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி வர, ஒன்றரை பார் அழுத்தத்தில் 135 லிட்டர். மொத்தம் 720 லிட்டர் வேண்டும். இக்கணக்கைக் கரையிலேயே போட்டுப் பார்த்து, அதற்கு மேலும் காற்று உள்ளதெனத் தெளிந்தபின்னரே நீரில் இறங்குதல் முறை.

ஆசிரியர் நீருக்கடியில் திடீரென ஓர் அட்டையைக் காட்டுவார். ‘பிராணவாயு தீர்ந்தது’ என்று அதில் எழுதியிருக்கும். அல்லது ‘திரை அணைந்தது’ என்று எழுதியிருக்கும். மாணாக்கர் உடனே தக்கது செய்து காட்டுதல் வேண்டும். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்தபின், சிந்திக்கு முன்னரே கை தக்கதைச் செய்யும் நிலை வருகின்றது. கரியமிலவாயு மிகுந்து மேல்மூச்சு வாங்குபவர்க்கு ஒரு குழலை எடுத்து மற்றொன்றை வாயில் வைத்தலே பெருஞ்செயலாகிவிடும். அந்நேரத்தில் துணைசெய்வது நூலறிவன்று, பழக்கமே.

இவ்வளவும் தேர்ந்தபின் கிடைக்கும் முதற்சான்றிதழ் 30 அல்லது 40 மீட்டர் ஆழத்திற்கு மேற்படுவதில்லை. அதன்பின் பல மணி நேரம் அக்கருவியுடன் மூழ்கி அனுபவம் பெற்றவரே, ஹீலியம் கலந்த வாயுவுடன் 60 மீட்டர் அளவு செல்லும் அடுத்த படிக்கும், 100 மீட்டர் அளவு செல்லும் உயர்படிக்கும் உரியவராகின்றனர். படியைத் தாண்டிக் குதித்தற்கு இடமில்லை.

அடக்கமே அரண்

1998 முதல் 2010 வரையுள்ள ஆண்டுகளில் மீள்மூச்சுக் கருவியுடன் மூழ்கியோருள் 181 பேர் இறந்தனர் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் தொகுத்துக் காட்டியுள்ளார். ஸ்கூபா முறையினும் இம்முறையில் இறப்பின் இடர் பத்து மடங்கு வரை மிகுதி என்பதும் அவர் கணிப்பு. இத்தொகையைக் கேட்டுக் கருவியைப் பழித்தல் தகாது. கருவி தன் கடமையைச் செய்வது. ஆனால் அது பிழை பொறுப்பதன்று. சோதனையை விட்டவர்க்கும், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்க்கும் அது மன்னிப்பு அளிப்பதில்லை.

மாணவர்களே! நீங்கள் அனைவரும் கடலில் மூழ்கப் போவதில்லை. ஆயினும், உங்களுள் சிலர் வண்டி ஓட்டுவீர்கள். சிலர் மருந்து கலப்பீர்கள். சிலர் மின்கம்பத்தில் ஏறுவீர்கள். சிலர் பெரிய எந்திரங்களைக் காப்பீர்கள். அங்கும், ‘எனக்குத் தெரியும்’ என்னும் எண்ணம் தலைதூக்கும் நேரமே இடர் நுழையும் நேரமாகும். நேற்றுச் செய்த சோதனையை இன்றும் செய்தல் அச்சத்தின் அடையாளமன்று, அறிவின் அடையாளம். நூறு முறை மூழ்கியவர் நூற்றோராம் முறையும் பட்டியலைக் கையில் எடுத்து, முதல்வரியிலிருந்து படிக்கத் தொடங்குகின்றார். அவ்வடக்கமே அவரை மீண்டும் கரை சேர்க்கின்றது.